மார்த்தாண்டத்தில் காண்டெம்ப்ரரி வகுப்பு: வருமானமும் சொந்தப் படைப்பும் ஒன்றாகப் போகுமா?

குழித்துறைக்காரி:

வணக்கம். பெங்களூரில் காண்டெம்ப்ரரி நடனத்தில் டிப்ளமோ முடித்து, அங்கேயே சில வருடம் ஒரு குழுவில் ஆடிவிட்டு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு மாடி ஹாலை வாடகைக்கு எடுத்து சாயங்காலம் வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகள் வருகிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பெற்றோரில் முக்கால்வாசிப் பேர் மனதில் இருப்பது டிவி ரியாலிட்டி ஷோவில் வருகிற காண்டெம்ப்ரரி. சோகப் பாட்டு, பறக்கிற துணி, பையன் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவது. நான் முதல் மாதம் முழுக்க தரையில் உருளவும், எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றவும், மூச்சோடு சேர்த்து முதுகை மடக்கி நிமிர்த்தவும் சொல்லிக் கொடுத்தால், "மிஸ், ஸ்டெப்பு எப்போ தொடங்குவீங்க?" என்று கேட்கிறார்கள்.

கிறிஸ்துமஸில் தொடங்கி பிப்ரவரி ஆண்டு விழா வரை மூச்சுவிட நேரமில்லை. பள்ளிகளில் ஐட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி, நாற்பது பிள்ளைகளை நிறுத்தி, டிராக் வெட்டி ஒட்டி, டிரஸ் வாடகைக்கு எடுத்து, மேக்கப்புக்கு ஆள் பிடித்து, அந்தக் காசில்தான் ஜூன் ஜூலை மழையில் பிள்ளைகள் வராத மாதங்களின் வாடகையைக் கட்டுகிறேன். போன வருடம் ஒரு பள்ளிக்கு மழையையும் விதைப்பையும் வைத்து எட்டு நிமிட ஐட்டம் அமைத்துக் கொடுத்தேன், என் மனசுக்குப் பிடித்துச் செய்தது. இந்த வருடம் என்னைக் கூப்பிடாமல், பழைய வீடியோவைப் பார்த்து வேறொருவரை வைத்து அதையே ஆட வைத்திருக்கிறார்கள். நோட்டீஸில் என் பெயர் இல்லை. கேட்டால், "அதுக்குத்தான் காசு கொடுத்தாச்சே" என்கிறார்கள்.

சொந்தமாக ஒரு படைப்பு மனதில் கிடக்கிறது. குளச்சல் பக்கம் கரமடி, அதாவது கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற பெரிய மீன் வலை, இழுப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். குதிகாலை மணலில் புதைத்து, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து, கயிற்றோடு பின்வாங்கிக்கொண்டே போவார்கள். வரிசையின் கடைசிக்கு வந்தவர் கயிற்றை விட்டுவிட்டு தண்ணீர் ஓரத்துக்கு நடந்து போய் மறுபடி முதல் ஆளாகப் பிடிப்பார். அந்தச் சாய்வையும் அந்தச் சுற்றையும் ஐந்து உடம்புகளில் கொண்டுவரப் பார்க்கிறேன். ஆனால் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வரும்போது எட்டரை மணி, அப்புறம் எங்கே யோசிப்பது, யாரை வைத்து ஆடுவது? இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? சென்னைக்கோ கொச்சிக்கோ போய்விடுவதுதான் வழியா?


வடசேரி டான்ஸ் கிளாஸ்:

மக்களே, நான் நாகர்கோவிலில் இருபது வருடத்துக்கு மேல் சொல்லிக் கொடுக்கிறேன், பரதத்தில் தொடங்கி இந்தப் பக்கம் வந்தவள். நீ கேட்டதில் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போக வேண்டாம். சென்னையில் ஹால் வாடகை உன்னை இன்னும் நாலு ஆண்டு விழா கூடுதலாகச் செய்ய வைக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அது மட்டுமில்லை, இந்தத் துறையில் பெரிய வேலைகள் எல்லாம் பெருநகரத்தில்தான் நடக்கின்றன என்று நினைக்காதே. நடனக் கலைஞர் தக்ஷா சேத் டெல்லிப் பக்கத்திலிருந்து கிளம்பி வந்து 1993 முதல் திருவனந்தபுரத்தை இருப்பிடமாக்கிக்கொண்டவர். கதக், கிழக்கிந்தியாவின் சௌ நடனம், களரி எல்லாம் உடம்பில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு வெளியே வெள்ளாயணிப் பக்கம் சொந்த இடம் அமைத்து வேலை செய்தார். மது கோபிநாத், வக்கம் சஜீவ் இரண்டு பேரும் நடத்துகிற சமுத்ரா குழுவும் திருவனந்தபுரம்தான். உனக்குக் குழித்துறையில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம். ஞாயிற்றுக்கிழமை போய் நிகழ்ச்சி பார், பட்டறை நடந்தால் கலந்துகொள், உன் உடம்பைப் பார்த்துத் திருத்த ஒரு ஆள் உனக்கும் வேண்டும்.

சரி, இப்போ வகுப்புக்கு வருவோம். நீ வகுப்பை ஒரு பக்கமும் படைப்பை ஒரு பக்கமும் வைத்து இரண்டும் அடித்துக்கொள்வதாக எழுதுகிறாய். நம்ம மாவட்டத்தில் காண்டெம்ப்ரரி ஆடத் தெரிந்த பெரியவர்கள் எத்தனை பேர்? யாரை வைத்து ஆடுவது என்று கேட்டாயே, அந்த ஐந்து பேரை நீயேதான் உருவாக்க வேண்டும், வேறு யாரும் அனுப்பித் தரமாட்டார்கள். அதனால் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு தொடங்கு. காலை ஆறு மணிக்கு வை. நர்ஸ் வேலை பார்க்கிறவர்கள், டீச்சர்கள், காலேஜ் பிள்ளைகள், பிரசவம் முடிந்து ஒரு வருடம் ஆன பெண்கள் இப்படி என்னிடம் வருகிறவர்கள் யாரும் ஆண்டு விழா மேடை கேட்பதில்லை, ஸ்டெப்பு எப்போ என்றும் கேட்பதில்லை. தரையில் படுத்து இடுப்பின் கனத்தை உணரச் சொன்னால் அரை மணி நேரம் ஒரு பேச்சில்லாமல் செய்வார்கள். இரண்டு வருடம் தொடர்ந்து வந்தவர்களில் மூன்று பேர் இப்போது என் வேலைகளில் ஆடுகிறார்கள், அதில் ஒருவர் கூட்டுறவு வங்கியில் காசாளர்.

குழந்தைகள் வகுப்புக்கு ஒரு வழி சொல்கிறேன். பெற்றோரிடம் வாயால் விளக்கிக்கொண்டிருக்காதே, மாதக் கடைசி சனிக்கிழமை அவர்களை உள்ளே உட்கார வைத்து முழு வகுப்பையும் பார்க்க வை. முதல் மாதம் தொப்பென்று விழுந்த பிள்ளை மூன்றாம் மாதம் சத்தமே இல்லாமல் தரைக்கு இறங்கி, உருண்டு, அந்த வேகத்திலேயே எழுந்து நிற்பதைக் கண்ணால் பார்த்தால் அவர்களுக்கே புரிந்துவிடும். சினிமாப் பாட்டோடு சண்டையும் வேண்டாம். அவர்கள் கேட்கிற பாட்டையே போட்டு, நீ சொல்லிக் கொடுத்த எடை மாற்றத்தை அதன் தாளத்தில் செய்ய வை. பாட்டு அவர்களுடையது, உடம்புக்கான பாடம் உன்னுடையது.

அந்தப் பள்ளி விஷயம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நடன அமைப்பு நாடகப் படைப்பு என்கிற வகைக்குள் வருகிறது, எழுத்திலோ வேறு விதத்திலோ பதிவாகியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நீ அவர்களிடம் சம்பளம் வாங்குகிற ஊழியர் கிடையாது, வெளியிலிருந்து போய்ச் செய்தவள், எழுதிக் கொடுக்காதவரை உரிமை உன்னுடையது. ஆனால் இதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது: கல்வி நிறுவனத்தில் ஆசிரியரும் மாணவரும் ஆடி, பார்ப்பவர்கள் அந்தப் பள்ளி ஆட்களும் பெற்றோரும் மட்டும் என்றால் அது மீறலாகாது. அதனால் ஆண்டு விழாவில் ஆடியதற்கு வழக்கு என்று போனால் பெரிதாக ஒன்றும் நிற்காது. அதையே வெளிப் போட்டிக்கோ டிக்கெட் நிகழ்ச்சிக்கோ கொண்டு போனால் கதை வேறு. படைத்தவர் நான் என்று சொல்லிக்கொள்கிற உரிமை எப்படியும் உன்னிடம்தான் இருக்கிறது. இனிமேல் அமைப்புக் கட்டணம் தனி, பயிற்சிக் கட்டணம் தனி என்று இரண்டாகப் பிரித்து ஒரே ஒரு தாளில் எழுதி கையெழுத்து வாங்கு. மறுபடி ஆடினால் இவ்வளவு, நோட்டீஸில் பெயர் போட வேண்டும் என்று அதிலேயே இருக்கட்டும். நான் இதைத் தொடங்கியபோது இரண்டு பள்ளிகள் என்னை விட்டுப் போயின, மீதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.


தக்கலை பிசியோ:

அக்கா சொன்னது எல்லாம் சரி, நான் ஒரு விஷயம் மட்டும் கேட்கிறேன். அந்த மாடி ஹாலின் தரை என்ன? டைல்ஸ் என்றால், முதல் செலவு அதற்குத்தான் போக வேண்டும். கான்கிரீட் மேல் ஒட்டிய டைல்ஸ் அதிர்ச்சியைக் கொஞ்சமும் வாங்காது, குதித்து இறங்குகிற ஒவ்வொரு முறையும் அது முழுக்க கணைக்கால் எலும்புக்கும் முட்டுக்கும் போகிறது. என்னிடம் வருகிற நடனப் பிள்ளைகள் பெரும்பாலும் காட்டுகிற இடம் ஒன்றே, முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்விளிம்பில், கணுக்காலுக்குச் சற்று மேலே, விரலால் அழுத்தினால் துள்ளுவார்கள். தைலம் தேய்த்துக்கொண்டு அதன் மேலேயே ஆடி ஆடி, கடைசியில் எலும்பில் மயிர்க்கோடு போல விரிசல் விட்ட பிறகு வருகிறவர்களும் உண்டு. போதாக்குறைக்கு நம்ம ஊரில் இரண்டு மழைக் காலம், ஈரக் காற்றில் டைல்ஸ் வியர்த்து வழுக்கும்.

பெரிய செலவு செய்து வெளிநாட்டுத் தரை வாங்க வேண்டாம். 12 மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட் இரண்டு அடுக்கு, மேலடுக்கின் இணைப்பு கீழடுக்கின் இணைப்பு மேல் வராதபடி மாற்றிப் போட்டு, அடியில் ஒரு அடிக்கு ஒன்றாக அடர்த்தியான ஃபோம் துண்டுகள் ஒட்டினால் தரை லேசாக அமுங்கி எழும். சுவரோரம் விரலளவு இடைவெளி விட வேண்டும், மரம் ஈரத்தில் உப்பினால் அதற்கு இடம் வேண்டும். மேலே நடனத்துக்கான வினைல் விரிப்பு போட முடிந்தால் நல்லது, இல்லையென்றால் நன்றாகத் தேய்த்து மேட் பாலிஷ் அடித்தாலும் போதும். வாடகை ஹால் என்பதால் துண்டு துண்டாகக் கழற்றுகிற மாதிரி செய்யச் சொல்லுங்கள், காலி செய்யும்போது கையோடு எடுத்துப் போகலாம்.

அப்புறம் அந்தத் தலைக்கு மேல் தூக்குகிற விவகாரம். வளர்கிற வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்யாதீர்கள், பெற்றோர் எவ்வளவு கேட்டாலும். தூக்குகிறவன் முதுகும் முக்கியம், தூக்கப்படுகிறவள் கழுத்தும் முக்கியம். பக்குவமாகச் சொல்லிப் புரியவைக்கலாம், மருத்துவக் காரணம் என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.


திருவட்டார் சுவடு:

நான் நடனக்காரன் கிடையாது, நம்ம பக்கத்துத் தற்காப்புக் கலையான அடிமுறை படிக்கிறவன். கரமடி என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. காண்டெம்ப்ரரி ஆட்கள் களரியைத் தேடிப் போவது புதிது அல்ல. சென்னையில் நடன அமைப்பாளர் சந்திரலேகா 1985இல் அங்கிகா என்ற படைப்பைச் செய்தபோதே பரதத்தையும் களரியையும் யோகாவையும் ஒரே மேடையில் வைத்தார், கடைசியாகச் செய்த சரீரா வரை அவருடைய வேலையில் களரி இருந்தது. ஆனால் மேடையில் நாம் பெரும்பாலும் பார்ப்பது களரியின் வடக்கன் முறை, அதாவது வட கேரளத்து வழி, யானை, சிங்கம், மயில் என்று வடிவுகள், தரையோடு தாழ்ந்த நீண்ட அசைவுகள். நம்ம மாவட்டத்து ஆசான்மார் சொல்லிக் கொடுப்பது வேறு. இங்கே எல்லாம் சுவட்டிலிருந்து, அதாவது காலடி வைக்கிற முறையிலிருந்து, தொடங்கும். ஒற்றைச்சுவட்டில் உடம்பு நிமிர்ந்து நிற்கும், காலடி சின்னது, திரும்புவது சட்டென்று, கை அடிப்பதும் கால் ஊன்றுவதும் ஒரே நொடியில் முடிய வேண்டும். எங்கள் ஆசான் மண்ணில் கால் பதிந்த தடத்தைப் பார்த்தே எடை எங்கே இருந்தது என்று சொல்வார், முன்பாதம் ஆழமாகப் பதிந்திருந்தால் மறுபடி செய்யச் சொல்வார். கயிறு இழுக்கிற உடம்பை மேடையில் கொண்டுவர இதைவிட நல்ல அடிப்படை வேறு எதுவும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஒரு வேண்டுகோள் சகோதரி. இரண்டு நாள் வந்து வீடியோ எடுத்துக்கொண்டு போய், மேடையில் பாரம்பரியக் கலை என்று மட்டும் போட்டு முடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். இப்போது நீங்கள் சொன்னீர்களே, நோட்டீஸில் பெயர் இல்லை என்று, அதே வலிதான் ஆசான்களுக்கும். தட்சிணை வைத்து முறையாகப் படியுங்கள், ஆசான் பெயரையும் ஊரையும் போடுங்கள், நிகழ்ச்சிக்குக் காசு வந்தால் அதில் பங்கு கொடுங்கள். களியல் ஆட்டக்காரர்களிடம் போனாலும் இதேதான், வட்டமாக நின்று கம்பு தட்டுகிற அந்த ஆட்டத்தின் அடவுகளைப் பல வருடம் கட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிறவர்கள் அவர்கள்.


குழித்துறைக்காரி:

அக்கா, அண்ணா, எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தரை டைல்ஸ்தான். எனக்கே இடது கால் எலும்பில் நீங்கள் சொன்ன அதே இடத்தில் வலி இருக்கிறது, அது களைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபோம், பிளைவுட் விலை விசாரித்துவிட்டு எழுதுகிறேன். திருவட்டார் அண்ணா, ஆசானை எப்போது வந்து பார்க்கலாம் என்று தனியாகச் சொல்லுங்கள், பெண்களுக்குச் சொல்லித் தருவாரா என்பதையும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இந்த நடனத்தில் தொட்டுத்தான் திருத்த வேண்டும், இரண்டு பேர் முதுகோடு முதுகு சாய்ந்து எடையைப் பகிர வேண்டும். பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் வரும்போது வீட்டில் தயங்குகிறார்கள். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் நிறுத்தியும் விடுகிறார்கள்.


கருங்கல் அம்மா:

இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மகள் பத்தாம் வகுப்பு, இன்னும் ஆடுகிறாள். டீச்சர், எங்கள் தயக்கத்துக்கு அர்த்தம் உங்கள் மேல் நம்பிக்கை இல்லை என்பதல்ல. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததுதான் பயம். என் மகளின் மிஸ் சேரும்போதே எங்களை உட்கார வைத்து, எங்கெங்கே தொட்டுத் திருத்துவார், எப்படிக் கேட்டுவிட்டுத் தொடுவார், பிள்ளை வேண்டாம் என்று சொன்னால் வாயாலேயே திருத்துவார் என்று எங்கள் முன்னாலேயே செய்து காட்டினார். அறைக் கதவில் கண்ணாடி, எந்த நேரமும் யாரும் எட்டிப் பார்க்கலாம், வகுப்பில் எப்போதும் இன்னொரு பெரியவர் இருப்பார். பிள்ளைக்கும் இது நல்ல பாடம். தொடலாமா என்று கேட்டுத்தான் தொட வேண்டும், வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று அவள் கற்றுக்கொண்டதே அங்கேதான், நான் வீட்டில் சொல்லிக் கொடுக்கவில்லை.

நிறுத்திவிடுவதற்குப் பாதிக் காரணம் டியூஷன், மீதி பஸ். ஏழரை மணிக்கு மேல் எங்கள் பக்கம் பெண் பிள்ளையைத் தனியாக பஸ்ஸில் விட முடியாது. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஐந்து நாளும் சாயங்காலம் என்று வைக்காமல் சனி, ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் வையுங்கள், பரீட்சை மாதத்தில் பாதிக் கட்டணம் வாங்கிக்கொண்டு இடத்தைப் பிடித்து வையுங்கள். பிள்ளை போய்விடாது. அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளையும் மறக்காதீர்கள், 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறதே, நல்லபடியாகச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் யூடியூப்பைப் பார்த்து ஆடிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.


வடசேரி டான்ஸ் கிளாஸ்:

கருங்கல் தங்கச்சி சொன்னதை அப்படியே எழுதி ஹால் சுவரில் ஒட்டு மக்களே. நான் விட்டுப்போன இரண்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

காசு. மத்திய கலாச்சார அமைச்சகத்தில் 25 வயது முதல் 40 வயது வரை உள்ள கலைஞர்களுக்கு இளநிலை நல்கை (ஜூனியர் ஃபெல்லோஷிப்) இருக்கிறது, மாதம் 10,000 ரூபாய், இரண்டு வருடம். ஒரு ஆய்வுத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும், கரமடி இழுப்பின் உடலசைவு என்பதே நல்ல திட்டம்தான். உன்னிடம் படிக்கிற 18 முதல் 25 வயதுப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தனியாக மாதம் 5,000 ரூபாய். பெங்களூரில் இருக்கிற இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1995 முதல் கலைஞர்களுக்கு நல்கை தருகிறது, அவர்களுக்கும் எழுது. விண்ணப்பம் எழுதுவதும் இந்தத் தொழிலில் ஒரு வேலை, அதற்கும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

நேரம். ராத்திரி எட்டரைக்கு மேல் எதுவும் வராது, அந்த நேரத்தை விட்டுவிடு. உன் உடம்பு புதிதாக இருக்கிற காலை நேரத்தில், பெரியவர்கள் வகுப்பு முடிந்த கையோடு, ஹாலை யாருக்கும் கொடுக்காமல் ஒன்றரை மணி நேரம் உனக்கென்று பூட்டிக்கொள். ஆண்டு விழா சீசனில் அது நடக்காது, நடக்க வேண்டும் என்று உன்னைப் போட்டு வதைத்துக்கொள்ளவும் வேண்டாம். மார்ச்சில் தொடங்கு. ஜூன் மழையில் பிள்ளைகள் குறைகிற மாதங்களை நஷ்டம் என்று கணக்கு எழுதாதே, ஹால் உனக்குக் காலியாகக் கிடைக்கிற காலம் அது ஒன்றுதான். நடனக் கலைஞர் பத்மினி சேத்தூர் 1991 முதல் 2001 வரை சந்திரலேகாவின் குழுவில் ஆடினார், அந்தப் பத்து வருடத்தில் உடம்பில் சேர்ந்ததுதான் பிறகு அவருடைய சொந்த வேலைகளில் முற்றிலும் வேறொன்றாக வெளியே வந்தது. அதனால் ஒரு வருடத்தில் முடியவில்லையே என்று பதறாதே.

முதலில் இருபது நிமிடம் செய். உன் ஹாலிலேயே, லைட் செட் எதுவும் இல்லாமல், ட்யூப் லைட் வெளிச்சத்தில் காட்டு. பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிடு, குளச்சலில் கயிறு இழுக்கிற அண்ணன்மாரையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வை, எங்கே தப்பு என்று அவர்களுக்குத்தான் தெரியும். அந்த ஐந்து பேரில் இரண்டு பேருக்கு என் வகுப்பிலிருந்து ஆள் தருகிறேன், காசாளர் அம்மா கட்டாயம் வருவார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும்தான் அவருக்கு முடியும், அதற்கேற்ற மாதிரி ஒத்திகை நேரம் போட்டுக்கொள். தரை போட்டு முடித்ததும் சொல், நாங்கள் மார்த்தாண்டம் வருகிறோம்.